பூசாமல் விட்ட இடம்

காகிதம் பெருங்குடிகாரன்.
சும்மா வைத்துப் பிசினை ஊற்றினால்
பஜ்ஜி வைத்த பேப்பராய் இளித்துவிடும்.
முன்பக்கச் சேதியும் பின்பக்கச் சேதியும்
ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்காரும்.
முதலில் அதன் வாயை அடைக்க வேண்டும்.

முத்தியால்பேட்டை, சோலை நகர், இரண்டாம் மாடி.
ஐந்து வருஷமாக இதுதான் பிழைப்பு.
தொப்புள்கொடி வரும், மாலையில் உதிர்ந்த பூ வரும்,
செத்த நாயின் மயிர்கூட ஒரு தரம் வந்தது.
ஏடிஎம் சீட்டு மட்டும் வாங்குவதில்லை,
பிசின் சூடேறினால் கறுத்துப்போகும்.
படம் எடுத்து அச்சடித்து வாருங்கள் என்பேன்.
கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு.

தனகோட்டி கடலூர் முதுநகரிலிருந்து பஸ்ஸில் வந்தார்.
ஐஸ் ஃபேக்டரி வேலை, விரலெல்லாம் வெடிப்பு.
ஆதார் உறைக்குள் நாலாய் மடித்த தாள்:
சாவி மீட்டர் பெட்டி மேல.
மாவு பொங்கிடும், ஃபிரிட்ஜுல வை.
பாப்பாவுக்கு நகம் வெட்டு.
வேதவல்லி ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிய விடியலில் எழுதியது.
இப்போது குவைத்தில்
யார் வீட்டுப் பிள்ளைக்கோ நகம் வெட்டுகிறாள்.

"அதே சாவிக்குக் கொத்தா மாட்டணும்மா."
படி இறங்கப் போனவர் திரும்பி வந்தார்.
"பின்பக்கம் தெரியக் கூடாது."

பின்பக்கம் நகைக்கடன் ஏல அறிவிப்பு.
கிராம், வட்டி, கடைசித் தேதி.
படிக்காமல் பூச முடியுமா,
இரண்டு பக்கமும் பூசியாக வேண்டுமே.

பந்துமுனைப் பேனாதான், கரையாது.
ஆனாலும் 'வெட்டு'க்குப் பின்னிருந்த புள்ளியில்
ஈரக் குச்சி வைத்துப் பார்த்துக்கொண்டேன்.
ஃபெவிகால் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு.
இடமிருந்து வலம் ஒரு பூச்சு.
காய்ந்தபின் மேலிருந்து கீழ் ஒன்று.
ஓரத்தை மறந்தால் ஓரம் காட்டிக்கொடுக்கும்.
ஐப்பசிக் கடற்காற்றில் எதுதான் காயும்?
செருப்புப் பெட்டிகளில் சேர்த்த உப்புப் பொட்டலங்களோடு
டப்பாவில் போட்டு மூடினேன், இரண்டு ராத்திரி.
முதுகுக்கு வெள்ளை நிறமி கலந்த பிசின்.
முகத்துக்குத் தெளிவு.
கலக்கும்போது அவசரப்பட்டால் நுரைக்கும் என்று
மூன்று நிமிஷம் என் மூச்சையும் மெதுவாக்கினேன்.

மறுநாள் அச்சிலிருந்து உரித்தபோது
நட்டநடுவில், நாலு மடிப்பும் கூடுகிற இடத்தில்,
மிளகளவு ஒரு நனைவு.
மடித்து மடித்து நார் விட்டிருந்த இடம்.
பசை நின்றதாக நினைத்தேன், நிற்கவில்லை.
அதன் வழியே தலைகீழாக இரண்டு எண்கள்,
கண்ணாடியில் பார்த்த மாதிரி.

சுரண்ட முடியாது. பிரிக்கவும் முடியாது.
பிசினுக்கு மன்னிப்பெல்லாம் தெரியாது,
இறுகினால் இறுகியதுதான்.

அவரிடம் சொல்லிவிட்டு முன்பணத்தை எடுத்து நீட்டினேன்.
அவர் ஜன்னல் பக்கம் போய்
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், வெகுநேரம்.
"பதினாறு" என்றார்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
பணத்தை என் கைக்கே திருப்பினார்.
"ராத்திரி வீடியோவுல காட்டச் சொல்லுவா.
இந்த எடத்துல கட்டைவிரல வச்சிக்கறேன்."
வைத்தும் காட்டினார். கச்சிதமாக மறைந்தது.

எழுதியவள் அவள்.
வீட்டில் வேறு தாளா இல்லை?
பின்பக்கம் என்னவென்று
அவளுக்குத் தெரியாதா, தனகோட்டி?
நாக்கு நுனி வரை வந்தது.
கடலூர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று
அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

தூரிகை காய்வதற்குள் கழுவ வேண்டும்.
அடுத்த தாளை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து
மடிப்புகளை முதலில் பார்த்தேன்.