தீர்மானம் இல. 7

திருக்கடலூர் வைரவர் கோவில்,
நிர்வாக சபைக் கூட்டக் குறிப்பு.
ஞாயிறு பின்னேரம் நாலரை.
வந்தவர் ஒன்பது பேர்.
கரைவலை இழுக்கப் போனதால் இருவர் வரவில்லை.

கணக்கு வாசித்தோம்.
மடப்பள்ளித் தகரம் மாற்ற வேண்டும்.
கிணற்றுக் கப்பி கிறீச்சிடுகிறது.
இவ்வளவும் வழக்கமான கையெழுத்தில் எழுதினேன்.

ஏழாவதற்குக் கை நடுங்கியது:
வெள்ளிக்கிழமைக் காலைப் பூசைக்கு
மோட்டர் மேளத்தை நிறுத்தி வைப்பது.

பொருளாளர் வில்வராசா எழும்பினார்.
"சூரிச்சில இருந்து தந்தது.
தகட்டில அவங்கட அம்மாட பேர் கிடக்கு.
ஒருத்தனுக்காக நிப்பாட்டினா
என்ன பதில் சொல்றது?"

ஒருத்தன் என்றால் குகதர்ஷன்,
பரிபூரணத்தின் மூத்தவன்.
அவனுக்குள்ளே ஏற்கெனவே சனம் கூடிக் கதைக்கிறது.
அதற்கு மேல் இரண்டு முரசு, ஒரு சேகண்டி, நாலு மணி
ஒரே சுவிச்சில் இடித்தால்
காதைப் பொத்திக்கொண்டு கடல் பக்கம் ஓடுகிறான்.
"சாமி துரத்துது பார்" என்றுவிட்டு
நாங்கள் திருநீறு பூசிக்கொள்கிறோம்.

நான் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் கிளாக்கர்.
எழுதிப் பழகியவன்,
எழும்பிப் பேசிப் பழகியவன் அல்ல.
அலுமாரியைத் திறந்து
பழைய பற்றுச்சீட்டுப் புத்தகத்தை எடுத்தேன்.
அடிக்கட்டை இன்னும் இருந்தது:

'செல்வன் குகதர்ஷன். பேய் விரட்டு. மூன்று நாள்.
கயிறு, எலுமிச்சம்பழம், கற்பூரம் உட்பட
ரூபா நாலாயிரத்து இருநூறு.
நன்றியுடன் பெற்றுக்கொண்டோம்.'

கையெழுத்து என்னுடையது.

அவனுக்கு அப்போது பத்தொன்பது.
கட்டியது அந்த வேம்பில்.
கயிறு அறுத்த தழும்பு
இப்போது மணிக்கூட்டு வாருக்குக் கீழே.
இரண்டாம் இரவு அவன் தண்ணீர் கேட்டது
என் காதில் விழுந்தது.
நான் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
வைரவரின் நாய்
(கல் நாய் அல்ல, மற்றது)
வாசலில் சொறிந்துகொண்டது.

பூசாரி கந்தரூபன் சொன்னார்:
"மணியைக் கையால அடிப்பம். எனக்குக் கை கிடக்கு.
நூலும் கட்டிவிடுவன், குளிசையும் போடச் சொல்லுவன்.
நான் கட்டின நூல்
குளிசையோட சண்டைக்குப் போகாது."

ஜமாலியா ஜவாஹிர் சபை உறுப்பினர் அல்ல,
தலைவரை ஏற்ற வந்து ஓட்டோவோடு நின்றவர்.
மதிலுக்கு அப்பாலிருந்து குரல் கொடுத்தார்:
"கிளினிக் நாளெண்டா நான் ஏத்துறன்.
எங்கட பள்ளிவாசல்ல ஒரு பொடியன்,
அவனையும் அண்டைக்குத்தான் கொண்டுபோறது.
பள்ளி ஆக்கள் பெற்றோலுக்குத் தாறாங்க.
ரெண்டு பேரும் பின்சீட்டில கதைக்க மாட்டாங்க.
ஒரு வடை வாங்கினாப் பாதி பாதி."

இதையும் எழுத வேணுமா என்று தலைவர் கேட்டார்.
எழுதினேன்.

ஆதரவு ஆறு. எதிர்ப்பு இரண்டு. நடுநிலை ஒன்று.

முதல் வெள்ளி அவன் வரவில்லை.
இரண்டாம் வெள்ளி மழை.
மூன்றாம் வெள்ளி பரிபூரணம் மட்டும் வந்து
"மருந்து கூட்டியிருக்கு, நித்திரை" என்றா.
வில்வராசா திரும்பாமல்
தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நாலாவதில் கிணற்றடியில் நின்றான்.
கந்தரூபன் ஒற்றை மணியை அடித்தார்,
இரண்டு அடிக்கு நடுவே
ஒரு அலை விழுந்து கலைவது கேட்கும்படி.
தீபம் காட்டும் வரை நின்றான்.
கும்பிடவில்லை.
போய்விட்டான்.

அறிவித்தல் பலகையில் பிரதோஷம், சதுர்த்தி.
அதற்குக் கீழே சோக்கால் எழுதினேன்:
'கிளினிக். செவ்வாய் காலை ஏழரை.
ஓட்டோ கோவிலடியில் நிற்கும்.'
பேர் ஒன்றும் போடவில்லை.

செவ்வாய் காலை பூப்பறிக்கப் போனபோது
ஓட்டோ புறப்பட்டுக்கொண்டிருந்தது.
பின்சீட்டில் இருவர் இருக்குமிடத்தில் மூவர்.
ஓரத்தில், சால்வையை நெற்றி வரை இழுத்தபடி
வில்வராசாவின் மகள்.
மதிலோரம் அவர் நின்றார்,
கையில் அவளுடைய கிளினிக் கொப்பி,
கொடுக்க மறந்து.

ஓடிப்போய்க் கொடுத்தேன்.
குறிப்பில் இதை எழுதவில்லை.