அளவு எடுக்கவில்லை

வியாழக்கிழமைகளில் நூலக வேன்
அந்தப் பண்ணை வரை போகும்.
அதற்கு அப்பால் சாலை இல்லை.
கருமணல், ஆறு, பிறகு பனியாறு.

ஸ்டெய்ன்வோர் கையுறையைக் கழற்றாமலே
புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தாள்.
"இது பக்கத்துக்குப் பக்கம் உலகத்தை முடிக்கிறது.
நாளைக் காலை முந்நூறு ஆட்டுக்கு
நான் தீனி வைக்க வேண்டும்.
இது என்னைத் தாலாட்டுகிறது.
எல்லாம் சூரியன் வேலையாம், எப்போதும் இப்படித்தானாம்.
ஒரு வரைபடம் வேறு, ஓரத்தில் எண்ணே இல்லாமல்."

மூன்றாவது, நான் பரிந்துரைத்தது.
இரு தரப்புக்கும் சரிபாதிப் பக்கங்கள்,
நடுநிலை என்று சொல்லித் தந்திருந்தேன்.
அதை மெதுவாகத்தான் நீட்டினாள்.
"தட்டு இரண்டும் சமமாகத்தான் நிற்கின்றன.
ஒன்றில் கறி.
இன்னொன்றில் கடைக்காரன் கட்டைவிரல்."

தலைநகருக்கு எழுதிப் போட்டேன்.
இரண்டு மாதம் கழித்து வந்தது
சாம்பல் அட்டை, படம் கிடையாது,
தலைப்பு மட்டும் மூன்று வரி.
மழை விடும் வரை வேனிலேயே படித்துப் பார்த்தேன்.
'பெரும்பாலும்' என்றால் எவ்வளவு,
'ஓரளவு நம்பிக்கை' என்றால் எவ்வளவு,
முதலிலேயே ஒரு பட்டியல்.
நடுநடுவே
'இதற்குப் போதிய தரவு இல்லை.'
தூக்கம் வந்தது, பொய் சொல்வானேன்.
இதையா அவளிடம் கொடுப்பது?

கொடுத்தேன்.

குட்டிகள் எல்லாம் பிறந்து முடிந்து
ஜூனில்தான் மறுபடி பார்த்தேன்.
புத்தகத்துக்குள் அடையாளமாய் ஒரு வைக்கோல்.
"இருநூற்றுப் பதினான்கு" என்றாள்.
பொடி எழுத்தில் ஓர் அட்டவணை.
பனியாறுகள் கீழ்நோக்கி, வருடங்கள் குறுக்கே.
அவள் விரல் போய் நின்ற வரிசை
அவள் கொட்டகைக்குப் பின்னால் கிடப்பது;
இலையுதிர்காலம்தோறும் நாடாவும் இரும்புக் கம்பியுமாய்ப் போய்
அவளே அளந்து அனுப்புவது.

கழித்தல் நாற்பத்தொன்று.
கழித்தல் முப்பத்தெட்டு.
ஒரே ஒரு வருடம் கூட்டல் ஆறு.
"அந்த வருடம் நிஜமாகவே முன்னால் வந்தது.
அதையும் போட்டிருக்கிறார்கள், பார்."
அடுத்த கட்டத்தில் எண் இல்லை,
ஒரு சின்னக் கோடு.
அடிக்குறிப்பு: அளவு எடுக்கவில்லை.

"வெள்ளம் பாலத்தைக் கொண்டுபோன வருடம்.
மூன்று நாள் இக்கரையில் நின்றேன்.
பிறகு கண்ணை இடுக்கிப் பார்த்து
முப்பத்தைந்து என்று எழுதி அனுப்பினேன்.
முன்னும் பின்னும் பார்த்தால் பொருந்துகிற எண்தான்."
கோட்டின் மேல் நகத்தால் தட்டினாள்.
"ஏற்கவில்லை, படுபாவிகள்."
கொஞ்சம் கோபம், பிறகு சிரிப்பு.
"என்னையே நம்பாத புத்தகம்.
இதை நம்பலாம்."

"பயமாக இல்லையா?"
"இருக்கிறது. முதல் புத்தகத்தைவிட அதிகமாகவே.
ஆனால் இந்தப் பயத்துக்கு அளவு இருக்கிறது.
ஆறுகள் பற்றிய அத்தியாயம் பாக்கி,
இன்னும் ஒரு மாதம் வேண்டும்."

தேதி முத்திரையைக் குத்தினேன்.
மை மங்கலாக விழுந்தது.
இன்னொரு முறை, அழுத்திக் குத்தினேன்.