செல்லாக்காசு

மோல்மீன் மாதா கோயிலின் காணிக்கைப் பை
கறுப்பு வெல்வெட். உள்ளே போன கை
எதைப் போட்டதென்று பக்கத்து ஆளுக்கும் தெரியாது.

நாற்பது வருஷமாய்
கடைக்காரன் வாங்காததெல்லாம் ஆண்டவருக்கு வந்தது.
சயாம் சதங்கு, வழுக்கையான அணா,
சிங்கத்துக்குத் தலை விழாத பத்துப் பியா.
கணக்கெழுதும் நான்
எண்ணி, திட்டி, ஓவல்டின் டப்பாவில் போட்டுவைத்தேன்.

இந்த வருஷ மழை பீடத்தின் மேலேயே ஒழுகிற்று.

ரங்கூனிலிருந்து கோ தௌங் வந்தார்,
ஒரு கண்ணில் லென்ஸ்.
தலையில்லாச் சிங்கத்தில் மூச்சு நின்றது அவருக்கு.
"பிழையாய் அச்சானதற்குத்தான் விலை."
இருபத்திரண்டு தகரம்!
எந்த மகராசன் ஏமாற்றினானோ,
நன்றாயிருக்கட்டும்.

அடியில் ஒரு மயில் வெள்ளி.
மகனை அடக்கிய மறுஞாயிறு
மதலேனம்மா போட்டது, அவன் அரைஞாணிலிருந்து.
அன்று பையைப் பிடித்தவன் நான்.
கோ தௌங் திருப்பிப் பார்த்தார்.
"ஓட்டை போட்டுவிட்டார்களே. வேண்டாம்."

சனிக்கிழமை கூரை ஏறியது.
கடைசி ஆணிக்கு வாஷர் ஒன்று குறைந்தது.
ஏணி உச்சியிலிருந்து ஆசாரி கை நீட்டினான்.
டப்பாவைத் துழாவினேன்.

"எந்தப் பக்கம் மேலே?" என்றான்.

மயில் பக்கம்.
மழையைப் பார்க்கட்டும்.