இடது தோளில் ஒரு முடி

கிளாக்ஸ்விக் துறைமுகத்தில்
முன்பு வலை உலர்த்திய கொட்டகை.
இப்போது இரண்டு விளக்கு, ஒரு வெள்ளைத் தாள்,
ஐந்து மீட்டர் ஆரஞ்சுக் கேபிள்.
ஒரு முனை கேமராவில், மறு முனை கணினியில்.
நடுவே யார் கால் தடுக்கினாலும்
கேமரா காணப்படவில்லை என்கிறது திரை,
அது என் கையில் கனத்துக்கொண்டிருக்கும்போதே.

குளிர்காலப் பட்டியலுக்கு
அறுபத்து நான்கு கம்பளிச் சட்டைகள்.
பின்னியவர்கள் ஒன்பது பேர்.
அவர்கள் சார்பில் சுன்வா வந்திருந்தாள்.
எடுத்த படம் கணினியில் வந்து விழ நான்கு நொடி.
அந்த நான்கு நொடியும்
அடுப்பில் பால் வைத்தவள் போலப் பார்த்திருப்பாள்.

கறுப்பு, காப்பிக்கொட்டை, மழைமேகம்
என்று முப்பது வரை தொந்தரவில்லை.
முப்பத்தொன்று வெள்ளை.
"ஹாட்லுர், இடது தோளில் முடி" என்றாள்.

என் கண்ணுக்கும் தெரிந்தது,
சாம்பல் நிறத்தில், தூண்டில் முள்ளாய் வளைந்து.
இடுக்கியால் தேடினாள்.
பசை உருளையை ஓட்டினாள்.
மறுபடி எடுத்தேன்.
மறுபடி வந்தது, அதே தோளில்.
"மூன்று முறை அலசியது இது" என்றாள்,
யாரும் எதுவும் சொல்லாதபோதே.
முகம் சிவந்துவிட்டது.
பின்னலுக்குள் சிக்கியிருக்கிறது என்று முடிவுகட்டி
பையிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்து
ஒரு கண்ணியை வெட்டியேவிட்டாள்.

தடுத்திருக்கலாம்.
நான் விளக்கின் உயரத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த படத்தில் ஓட்டை இருந்தது.
முடியும் இருந்தது.
சட்டையை நகர்த்தினால் ஓட்டை நகர்ந்தது.
முடி நகரவில்லை.

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது:
அழுக்கு உன் பக்கம் இல்லை, சுன்வா.

சூடேற்றியின் விசிறியை நிறுத்தினேன்.
முழுக்க மின்னேற்றிய பேட்டரியைப் போட்டேன்;
பாதியில் உயிர் போனால்
தூக்கிய கண்ணாடி சரிந்து துடைப்பானைக் கடிக்கும்.
லென்ஸைக் கழற்றி, கேமராவின் வாயைத் தரைபார்க்கப் பிடித்து
ரப்பர் குமிழால் நான்கு முறை காற்று.
வாயால் ஊதக்கூடாது.
ஒருமுறை ஊதியிருக்கிறேன்,
அந்தச் செலவுக்கு ஒரு பழைய படகே வாங்கியிருக்கலாம்.
காற்றுக்கு அது அசையவில்லை.

படத்தில் மேல் இடது என்றால்
சென்சாரில் கீழ் இடது.
அங்கே உலகம் தலைகீழாகத்தான் நிற்கிறது.
துடைப்பானில் இரண்டே சொட்டு.
இடமிருந்து வலம் ஒரே இழுப்பு,
மறுபுறம் திருப்பி, வலமிருந்து இடம்.
மூன்றாவது கிடையாது.
சுன்வா மூச்சை அடக்கியிருந்தாள்,
அவளை யாரும் கேட்கவில்லை.

சோதிக்க வெறும் வானம் வேண்டும்.
அதற்கு ஃபாரோ தீவுகளில் பஞ்சமே இல்லை.
கேபிள் கதவு வரை எட்டும், அதற்குமேல் எட்டாது.
வாசலில் நின்று, துளையை இருபத்திரண்டுக்குச் சுருக்கி,
குவியத்தைக் கலைத்து
சாம்பலை நோக்கி ஒரு சொடுக்கு.
நான்கு நொடி.
திரையில் ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லாததைப் பெரிதாக்கி
மூலை மூலையாக இருவரும் பார்த்தோம்.

துடைப்பானின் ஓரத்தில் ஒட்டியிருந்தது அது.
உருப்பெருக்கியைப் பிடுங்கிக் கண்ணில் வைத்தவள்
"நீலம்" என்றாள்.
பிறகு, "இது கம்பளியே இல்லை."
பிறகு என் மணிக்கட்டைப் பார்த்தாள்.
விமான நிலையத்துத் தள்ளுபடிக் கூடையில்
போன வருடம் எடுத்த சட்டை,
கைமுனையில் நூல் பிரிந்தது.

முக்காலியை விளக்கடிக்கு இழுத்துப் போட்டு
ஓட்டையைத் தைக்க உட்கார்ந்தாள்.

வெள்ளையைக் கடைசியாக எடுத்தேன்.
"தைத்த இடத்தைப் படத்தில் மறைத்துவிடட்டுமா?"
"எந்த இடம்?"
இருநூறு சதவீதத்தில் தேடினேன்.
கிடைக்கவில்லை.

அவள் போன பிறகு
காலையில் எடுத்த முப்பதையும் திறந்து
கறுப்பை ஏற்றி, காப்பிக்கொட்டையை ஏற்றி
வெளிச்சமாக்கிப் பார்த்தேன்.
எல்லா இடது தோளிலும்
என் சட்டை.