உலை

ஆறு சதவீதத்தில் வந்து நின்றது கார்,
கானாடுகாத்தான் விலக்கில், என் மெஸ் வாசலில்.
கிரைண்டர் பிளக்கைப் பிடுங்கிக் கொடுத்தேன்.
உள்ளே பாதி அரைந்த உளுந்து,
வெளியே கோயம்புத்தூர்க் குடும்பம்,
மூன்று மணி நேரம்.

சும்மா இருப்பார்களா?
சாப்பிட்டார்கள். காபி. மறுபடி காபி.
அந்த அம்மா உங்கள் கடைக்குள்தான் நுழைந்தார், சேவுகன் அண்ணே,
ஆத்தங்குடிக் கல்லுக்கு விலை கேட்டு
வாங்காமல், நம்பர் மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.
காதர் மைதீன் டயருக்குக் காற்றடித்தார்.
எந்த வண்டியானாலும்
காற்று காற்றுதானே.

மின்வாரியத்துக்கு நாலு நடை நடந்துவிட்டேன்.
மும்முனை இணைப்புக்கு விண்ணப்பம்
மசாலா டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது.
மூன்று கடையும் பங்கு போட்டால்
ஒரு சார்ஜர்.

"முதலில் கார் வரட்டும், சிகப்பி" என்கிறீர்கள்.

அண்ணே,
காலை பத்து மணிக்கு நான் உலை வைக்கிறேன்.
அப்போது ரோட்டில்
ஒரு நாய்கூட இருக்காது.
பன்னிரண்டரைக்கு யாருக்குப் பசிக்கும் என்று
எனக்கு யார் எழுதிக் கொடுத்தார்கள்?

அந்த உளுந்து வீணாய்ப் போனது, மறைக்கவில்லை.
மறுநாள் இட்லியை
நீங்களே கல் என்றீர்கள்.
அதனால்தான் கேட்கிறேன்,
காருக்குத் தனியாக
ஒரு பிளக்.