பிற தரிசு

ஒரு சதுர மைல் என்பது
இரண்டரை சதுர கிலோமீட்டருக்கும் கொஞ்சம் மேல்.
அந்தக் கொஞ்சத்தில்தான் எல்லாம் கிடக்கிறது.

பழைய பதிவேட்டில்
2.59 என்று பெருக்க வேண்டிய இடத்தில்
எவரோ 2.6 போட்டிருக்கிறார்,
பச்சை மையில், சாய்ந்த எழுத்தில்.
கடைசி பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும்.

எங்கள் வட்டம் நூறு சதுர மைல்.
பெயரைச் சொல்லமாட்டேன்,
சொன்னால் திங்கட்கிழமை மனு வரும்.
நாங்குநேரிக்குத் தெற்கே,
காற்றாடிகள் கண்ணுக்குத் தெரிகிற தூரம். போதும்.

நூறால் பெருக்கினால் பிழை
ஒரு சதுர கிலோமீட்டர்.
நூறு ஹெக்டேர்.
இருநூற்று நாற்பத்தேழு ஏக்கர்.
எட்டு சென்ட் ஒரு மரக்கால்
இருபத்தொரு மரக்கால் ஒரு கோட்டை என்று
பக்கத்து மேசை ஆவுடைநாயகம் கால்குலேட்டரைத் தட்டி
"நூத்தி நாப்பத்தேழு கோட்ட வெதப்பாடுல்லா வருது" என்றார்,
அத்தனையும் அறுத்து அடித்துக்
களத்தில் சேர்த்தவர் மாதிரி மூச்சு வாங்கி.

காடு மேய்ச்சல் நஞ்சை புஞ்சை
குளம் சாலை சுடுகாடு
எல்லாம் கூட்டினாலும் மொத்தம் வராது.
நூறு குறையும்.
ஆகவே வருஷா வருஷம்
மாறுதலாகி வந்தவர் போனவர் எல்லோரும்
அந்த நூறைப் 'பிற தரிசு' கட்டத்தில் கொட்டி
ஜூன் மாதத்தோடு கணக்கை மூடினார்கள்.

நல்ல தரிசு.
ஒரு உடைமுள் கிடையாது.
ஆக்கிரமிப்பு கிடையாது, பங்காளி வழக்கு கிடையாது.
வடகிழக்குப் பருவமழை அதன் மேல்
ஒரு துளி பெய்ததில்லை.

போன மாதம் சென்னையிலிருந்து கடிதம்:
தங்கள் வட்டத்தில் சும்மா கிடக்கும் நூறு ஹெக்டேரில்
சூரியத் தகடுகள் நிறுத்த உத்தேசம்,
இடத்தை அடையாளம் காட்டவும்.

கிராம நிர்வாக அலுவலர் ஜெபக்கனி
மூன்று நாள் ஸ்கூட்டியில் அலைந்தாள்.
செருப்புக்குள் தேரிமணல், கைப்பைக்குள் தேரிமணல்.
கிடை போட்டிருந்த ஒருவரிடம் கேட்டாளாம்.
"எந்த எடம்க்கா? எங்ஙன பாத்தாலும்
ஒருத்தன் என்னுதுங்கானே."

இதற்கு நடுவில் முப்பிடாதி.

நத்தத்தில் ஒரு சென்ட்.
தகரக் கூரை, முருங்கை ஒன்று, ஆட்டுக்குட்டி இரண்டு.
பட்டா கேட்டு வருகிறாள்.
புதிய கணினிக்குப் பரப்பு ஹெக்டேரில் வேண்டும்,
புள்ளிக்குப் பிறகு இரண்டே இலக்கம்.
ஒரு சென்ட், 0.004.
தட்டினால் 0.00.
பரப்பு இல்லை, மனு தள்ளுபடி.
மூன்று முறை.

மூன்றாம் முறை அவள்
கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள்.
"பூஜ்யத்துக்குள்ளயா நான்
மூணு புள்ள பெத்தேன்?"

சதுர மீட்டர் என்று நினைத்து 40 என்று அடித்தேன்.
நினைத்தா, தெரிந்தா,
அதை என்னிடம் கேட்காதீர்கள்.
வெயில் உச்சியில், மின்விசிறி நின்ற நேரம்.
கட்டம் அதை ஹெக்டேராகவே எடுத்துக்கொண்டது.
பச்சையில் ஒரு டிக்.

முப்பிடாதிக்கு இன்றைய தேதியில்
ஒரு ஏக்கருக்கும் கொஞ்சம் குறைய நூறு ஏக்கர்.
உச்சவரம்புப் பிரிவின் கண்ணில் இன்னும் படவில்லை.
எண் எவ்வளவு என்று அவளும் கேட்கவில்லை.
தாளில் தன் பேர் இருக்கிறதா என்று
விரலை வைத்துப் பார்த்துக்கொண்டாள்.
குட்டிகளை அவிழ்த்துவிடும் நேரமாச்சு என்று
ஓட்டமும் நடையுமாகப் போனாள்,
அந்த நாற்பதுக்குள்.

சாயங்காலம் கூட்டல் தானாக ஓடியது.
பிற தரிசு: அறுபது.

ஆவுடைநாயகம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
திரையைப் பார்த்தார்.
என்னைப் பார்க்கவில்லை.
இழுப்பறையைத் திறந்து
சணல் கட்டிய ஒரு கட்டு மனுவை
மேசை மேல் வைத்து என் பக்கம் தள்ளிவிட்டு
டீ குடிக்கப் போனார்.

மேலே இருந்தது
முக்கால் சென்ட்.