அரிசி கார்டு, சர்க்கரை கார்டு, எஃப் கார்டு

புதுவயல் ரேஷன் கடையில்
பதினோரு வருஷம் எடை போட்டவளுக்குத்
தெரிந்த கார்டு இரண்டுதான்:
அரிசி கார்டு, சர்க்கரை கார்டு.
நாற்பத்தோரு வயதில் மூன்றாவது வந்தது.
எஃப் கார்டு.

காரைக்குடியில் காலேஜ் முடித்து
ஊருக்குக் கிளம்பிய பையன்
ஆயிரத்தி எண்ணூறுக்குக் கொடுத்தான் கிதாரை.
மெத்தையும் பக்கெட்டும் சேர்த்துத் தரேன் என்றான்.
பக்கெட்டை மட்டும் எடுத்துக்கொண்டேன்.
கிதாருக்கும் ஒரு டிக்கெட் கிழித்தார் கண்டக்டர்.

ஜி வந்தது.
சி வந்தது, பாதி.
ஜியிலிருந்து சிக்குப் போய்ச் சேர்வதற்குள்
காரைக்குடிக்கே போய்த் திரும்பிவிடலாம்.
எஃப் வரவேயில்லை.
ஆள்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே
கிடத்து என்றது செல்போன்.
கிடத்தினேன்.
நாலு கம்பி நனைந்த சாக்கைத் தட்டினதுபோல் தொப்பென்றன.
ஒன்று சிணுங்கியது.
ஒன்று மட்டும்
எனக்கென்ன என்று தனியாகப் பாடியது.

மில்லில் நெல் அவிக்கிற வாடை
ஜன்னல் வழியே வந்து உட்கார்ந்து கேட்டது.
"தகரத்தைக் கீறுற மாதிரி இருக்கு, முத்தழகு"
என்றார் வீட்டுக்காரர், லாரிக்குக் கிளம்பும்போது.
பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

சோறு பிசைகிற கை தப்பித்தது.
இடது கைதான்
பச்சைமிளகாயைத் தொட்டால் அழுதது.
இருபத்திரண்டாம் நாள்
கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன்,
பக்கெட்டுக்குப் பக்கத்தில்.

பருப்பு வந்த நாள்.
வரிசை வேப்பமரத்தைத் தாண்டி நின்றது.
ஆத்தங்குடிக்கு டைல்ஸ் வேலைக்குப் போகிற சேவுகன்
சிமெண்ட் தின்ற கட்டைவிரலை வைத்தார்.
பொருந்தவில்லை என்றது மெஷின்.
"தொடச்சுட்டு வைங்க."
பொருந்தவில்லை.
"நேரா வைங்க. அமுக்காதீங்க."
பொருந்தவில்லை.
"சரி, அது வேணாம். பக்கத்து விரல்."
பச்சை விளக்கு.
துவரம்பருப்பு ஒரு கிலோ, பாமாயில் ஒன்று.

அடுத்து பூமயில்.
களத்தில் சுடுநெல் தள்ளித் தள்ளி
வழுவழுத்த விரல்கள்.
அவளுக்கு ஏழு தடவை.
ஏழாவது தடவையும் என் குரலில் சலிப்பு இல்லை.
என் குரலை நானே கேட்டது
அன்றைக்குத்தான்.
இத்தனை வருஷத்தில் எத்தனை ஆயிரம் பேரிடம்
"இன்னொரு தடவை வைங்க."
உனக்கு விரல் வாய்க்கவில்லை, வீட்டுக்குப் போ என்று
ஒருவரிடமும் சொன்னதில்லையே.

அன்று ராத்திரி
கிதாரை இழுத்துத் தூசி தட்டினேன்.
நாலு விரலையும் வரிசையில் நிறுத்தினேன்.
தொடச்சுட்டு வைங்க, என்றேன் ஆள்காட்டியிடம்.
நேரா வேணாம், லேசாச் சாஞ்சு. எலும்புப் பக்கமா.
கட்டைவிரல் பின்னால நில்லுங்க, இடிக்காதீங்க.
மோதிரவிரல், உங்க முறை இன்னும் வரலை.
பொருந்தவில்லை.
இன்னொரு தடவை.

மூன்று நாளில் இரண்டு கம்பி பேசின.
பிறகு ஒரு வாரம் ஒன்றுகூடப் பேசவில்லை,
ஏனென்று கேட்காதீர்கள்.
வைகாசியில், கரண்ட் போன ஒரு ராத்திரி,
ஆறும் ஒரே வாயாகப் பேசின.
அழகாக என்று சொல்லமாட்டேன்.
இருட்டில் வீட்டுக்காரர்
"யாரது?" என்றார்.

ஒன்றாம் தேதி.
கடை திறக்க, மெஷினில்
எப்போதும்போல் என் இடது ஆள்காட்டியை வைத்தேன்.
பொருந்தவில்லை.
முந்தானையில் துடைத்து வைத்தேன்.
பொருந்தவில்லை.
திருப்பிப் பார்த்தால்
ரேகை ஓடிய இடத்தில்
காய்த்துப்போய், புளியங்கொட்டை மாதிரி
ஒரு பளபளப்பு.

வரிசையில் முதல் ஆள் சேவுகன்.
கவுண்டருக்குள் எட்டிப் பார்த்தார்.
"நேரா வைங்கம்மா" என்றார்.
"அமுக்காதீங்க.
இன்னொரு தடவை."